மெதுவாக நடக்கத் தெரியாதவன்

பட்டறையில் அவனைக் குதிரை என்றுதான் கூப்பிடுவார்கள். சமையலறை மேடைக்கான கல்லை அறுத்து, மெருகேற்றி, தோளில் சுமந்து மூன்று மாடி ஏறி இறக்கிவிட்டு, கீழே வந்ததும் அடுத்த கல்லுக்குக் கை நீட்டுவான். இருபத்தாறு வயது. ஒரு மழைக்காலத்தில் இருமல் பிடித்தது. மழை விட்டது, இருமல் விடவில்லை.

நெஞ்சு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கல்தூசு உள்ள போய் உக்காந்திருக்கு. போனது இனி வெளிய வராது. மேல மேல போகாம பாத்துக்கணும். அறுக்குற வேலைய விட்டுடுங்க."

பட்டறையிலேயே சுவருக்கு அந்தப் பக்கம் தூசு இல்லாத பேக்கிங் பிரிவு இருந்தது. மேனேஜர் ஒரு விதியைக் காட்டினார். ஆறு நிமிடத்தில் நானூற்றைம்பது மீட்டருக்குள்தான் நடக்க முடிகிறது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தால் மாற்றல் உண்டு.

பஸ்ஸில் போகும்போது மனைவி காதோரம் சொன்னாள். "அவசரப்படாதீங்க. நடுவுல ரெண்டு தடவ நின்னு மூச்சு வாங்குங்க."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய் என்ன பொய்? வீட்டுப் படியேறும்போது நிக்கறீங்கல்ல, அத அங்க போய் நில்லுங்கன்றேன்."

முதலில் நாற்காலிப் பரிசோதனை. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் எழுந்து எழுந்து உட்கார வேண்டும். முப்பத்தெட்டு முறை எழுந்தான். பரிசோதிக்கும் அம்மா எழுதிக்கொண்டே, "உங்க வயசுக்கு ஐம்பது சாதாரணமா வரணும்" என்றார். அந்த ஐம்பது அவனைச் சுருக்கென்று தைத்தது.

பிறகு நடை. முப்பது மீட்டர் நீளமுள்ள ஆஸ்பத்திரித் தாழ்வாரம், இரண்டு முனையிலும் ஆரஞ்சு நிறக் கூம்பு, அவன் விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப். ஒரு நிமிடம் முடிந்ததும் அந்த அம்மா சொன்னார்: "நல்லா நடக்கறீங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு."

யார் நடந்தாலும் அதே குரலில் அதே வார்த்தையைச் சொல்ல வேண்டும் என்பது பரிசோதனையின் விதி. அவனுக்கு அது தெரியாது. எட்டு வருஷத்தில் பட்டறையில் ஒருவரும் அவனிடம் 'நல்லா' என்று ஆரம்பித்ததில்லை. நடை தானாக வேகம் பிடித்தது. பெஞ்சில் இருந்த மனைவி உள்ளங்கையைக் கீழே அழுத்தி அழுத்திக் காட்டினாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கடைசிச் சுற்றில் உதடு நீலம் பாரித்துவிட்டது. பதினெட்டு நடை. ஐந்நூற்று நாற்பது மீட்டர்.

"ஏங்க இப்படிப் பண்ணீங்க?" மனைவிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"நல்லா நடக்கறேன்னு அந்தம்மா சொன்னாங்கடி" என்றான் இரைத்துக்கொண்டே.

அவள் ஓடிப்போய் அந்த அம்மாவின் கையைப் பிடித்தாள். "இன்னொரு தடவ வைங்க மேடம்."

"ஆறு மாசம் ஆகணும்மா. நடந்த தூரத்த நான் குறைச்சு எழுத முடியாது. ஆக்சிஜன் இறங்கினதையும் எழுதியிருக்கேன், அதக் காட்டுங்க."

மேனேஜர் தூரத்தை மட்டும் பார்த்தார். "குதிரைக்கு என்ன குறைச்சல்?" என்று காகிதத்தை நீட்டினார். அவள் ஆக்சிஜன் எண்ணை விரலால் தொட்டுக் காட்டினாள். விதியில் அது இல்லை என்றார். வேறு பட்டறைகளில் ஏறி இறங்கினான். இருமலைக் கேட்டதுமே ஆள் வேண்டாம் என்றார்கள். அவன் மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு மறுபடி அறுவை மெஷினுக்கே போனான். தினமும் மாலையில் அந்தத் துணியை அலசுவாள். தண்ணீர் பால் மாதிரி வெளுத்து ஓடும். அவனைத் திட்ட வாயெடுப்பாள், அவன் இருமத் தொடங்கியதும் விட்டுவிடுவாள்.

ஆறு மாதம் கழித்து நாற்காலியில் பதினான்கு முறைதான் எழ முடிந்தது. தாழ்வாரத்தில் மூன்றாவது நிமிடத்தில் சுவரைப் பிடித்து நின்றவன், மறுபடி காலை எடுத்து வைக்கவில்லை. நூற்றுத் தொண்ணூறு மீட்டர். அந்த அம்மாவே நாற்காலியை இழுத்து வந்து அவனை உட்கார வைத்தார்.

மாற்றல் ஒரே வாரத்தில் கிடைத்தது. பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் மேசை. உட்கார்ந்து செய்கிற வேலை. பதினோரு நாள் போனான். பன்னிரண்டாம் நாள் காலை, சட்டையில் ஒரு கையை நுழைத்தவன் அப்படியே கட்டிலில் சரிந்து உட்கார்ந்தான்.

"கொஞ்ச நேரம் இரு, கிளம்பிடுவேன்" என்றான்.

அவள் சட்டையை மெல்லக் கழற்றி ஓரமாக வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து முதுகை நீவிவிட்டாள். கையின் கீழ் விலா எலும்புகள் ஏறி ஏறி இறங்கின. அவன் வேலைக்கு ஏறும் பஸ் போகிற சத்தம் கேட்டது. அவள் நீவுவதை நிறுத்தவில்லை.