அரசன் கேட்ட வெந்தயம்

பிள்ளைகளே, ஆயிரத்து இருநூறு வருடங்களுக்கு முன் இந்தப் பிரெஞ்சு நாட்டை ஆண்ட அரசன் ஒருவன், தன் தோட்டங்களில் என்னென்ன செடி நிற்க வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதுவித்தான். உள்ளி, வெங்காயம், புதினா, கடுகு, கொத்தமல்லி, சீரகம், வெந்தயம் எல்லாம் அதில் உண்டு. தோட்டக்காரனின் வீட்டுக்கூரையில்கூட ஒரு செடி வளர வேண்டுமாம். அது நின்றால் இடி விழாது என்று அந்தக் காலத்து ஆட்கள் நம்பியிருக்கிறார்கள். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். இதெல்லாம் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அது 2013 வசந்தம். அவளுக்கு ஒன்பது வயது. பள்ளி முற்றத்தில் பலகை அடித்து, அந்த அரசனின் தோட்டம் போல ஒரு பாத்தி செய்திருந்தார்கள். ஆளுக்கொரு செடி. இரண்டு வார விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வரும்போது முளைத்த கன்றோடு வர வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடத்தில் ரீச்சர் சலாதுக் கீரை நடுவார்.

மகள் வெந்தயத்தை எடுத்தாள். அது கறிக்குப் போடுகிற சாமான், இந்த நாட்டுச் செடியே இல்லை என்று பக்கத்து மேசைப் பிள்ளை சிரித்திருக்கிறது. இவள் பட்டியலைக் காட்டி, முளைக்க வைத்துக் கொண்டு வருகிறேன் என்று வகுப்பு முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டாள்.

"அப்பா, கட்டாயம் முளைக்கும்தானே?"

"ஓம். மூண்டு நாள் காணும்."

குசினித் தட்டிலிருந்த போத்தலில் ஒரு பிடி அள்ளி, வெறும் தயிர்ப் பேணியில் மண் போட்டு விதைத்தேன். நான் இத்தாலிய உணவகம் ஒன்றில் பீட்சா போடுகிறவன். மாவைப் பற்றிக் கேட்டால் சொல்வேன். வீட்டுக் குசினி மனைவியின் ராச்சியம்.

மூன்று நாள் போனது. ஒரு வாரம் போனது. குளிர்தான் காரணம் என்று பேணியை ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு வெளிச்சம் போதாது என்று யன்னலுக்கு மாற்றினேன். காலையில் எழும்பியதும் ஓடிப்போய்ப் பார்க்கிறவள், இரண்டாவது வாரம் பார்ப்பதை விட்டுவிட்டாள். கேட்பதையும் விட்டுவிட்டாள்.

புதன்கிழமை மனைவி அந்தப் போத்தலைத் தூக்கிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, இதில ஆர் கை வைச்சது? கறித்தூளுக்கெண்டு அளவாய் வறுத்து வைச்சனான்."

நான் யன்னலைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"வறுத்த வெந்தயத்துக்கோ இவ்வளவு நாளும் தண்ணி ஊத்தினனீங்கள்? கொஞ்சம் புளியும் விட்டிருந்தால் குழம்பாவது வந்திருக்கும்."

மகள் சிரிக்கவில்லை. "இனி சலாதுதான்" என்றாள்.

"பிழை என்னில. இன்னும் நாலு நாள் கிடக்கு" என்று சொல்லிவிட்டு, கீழே ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் இருக்கும் தமிழ்க் கடைக்கு இறங்கினேன்.

"வறுக்காததுதானே, அண்ணை?"

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வறுத்து விக்க எனக்கெங்கை தம்பி நேரம்?"

இந்த முறை எல்லாம் மகள்தான். அவளே ஊறவைத்தாள், ஈரத்துணியில் முடிந்தாள், தண்ணீர் தெளித்தாள். வெள்ளி காலை ஒவ்வொரு விதையிலும் வெள்ளையாய் ஒரு முளை. அவற்றை மண்ணில் பதித்தாள். ஞாயிறு பின்னேரமும் பேணியில் மண்தான் தெரிந்தது.

திங்கட்கிழமை விடிய எழும்பிப் பார்த்தால், கழுத்து வளைந்த ஐந்து கன்றுகள். ஒன்றின் தலையில் விதைத்தோல் தொப்பி போல ஒட்டியிருந்தது.

நடுகைக்காக அன்று பெற்றோரையும் உள்ளே விட்டார்கள். எல்லாருடையதும் வளர்ந்த செடி. ஏன் இது இவ்வளவு சின்னது என்று ரீச்சர் கேட்டார். அப்பா முதலில் வறுத்ததை விதைத்துவிட்டார் என்று மகள் பிரெஞ்சில் உரக்கச் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள், பக்கத்து மேசைப் பிள்ளையும்தான். நானும் சிரித்தேன்.

அவள் குந்தியிருந்து, விரலால் குழி தோண்டி, ஐந்தையும் நட்டாள். உதவியாக இருக்கட்டும் என்று அந்தத் தொப்பியைக் கழற்றக் கை நீட்டினேன்.

"தொடாதீங்கோ அப்பா," என்றாள். "அது தானாய் விழும்."

கையை எடுத்துக்கொண்டேன்.