அக்காவின் முன்பல்

அக்காவின் முன்பல்லைப் பிடுங்க வேண்டாம், வேரைச் சுத்தம் செய்தால் போதும் என்று வெள்ளைக்காரப் பல் டாக்டர் சொன்ன அன்றுதான், எங்கள் வீட்டில் எனக்கு என்ன மதிப்பு என்பது எனக்கு விளங்கியது. அதற்கு முந்தைய வருஷம் என் கடைவாய்ப் பல் ஈறு வீங்கியபோது என்னை யாரும் டாக்டரிடம் கூட்டிப் போகவில்லை. கடைத்தெருக் கம்பவுண்டர் குறடு போட்டுப் பிடுங்கினார். அப்பா என் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டார். வரும் வழியில் ஒரு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தார். அதைக்கூட என்னால் தின்ன முடியவில்லை.

அக்காவின் கதை வேறு. அவள் சின்னவளாக இருந்தபோது கிணற்றடியில் விழுந்து முன்பல்லில் அடிபட்டிருந்தது. வலி போய்விட்டது, பல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே வந்தது. அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்த சமயம் பார்த்து ஈறு வீங்கிச் சீழ் கட்டிவிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் புதுச்சேரிக் கிறிஸ்தவக் குடும்பங்களில் சைகோன் மாப்பிள்ளை என்றால் மறுபேச்சே கிடையாது. அக்காவுக்குப் பேசியவர் அங்கே பிரெஞ்சுச் சர்க்காரின் சுங்கத்தில் வேலை பார்த்தார். போட்டோ வந்திருந்தது. அதில் தொப்பி போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்படி ஒரு தொப்பியை நான் பார்த்ததே இல்லை. அதுவும் அக்காவுக்குத்தான் என்று எனக்கு எரிச்சல்.

டாக்டர் வீடு ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், வெள்ளைக்காரர் தெருவில் இருந்தது. அப்பாவுக்கு ஜவுளிக்கடை நடத்தும் அளவுக்குத்தான் பிரெஞ்சு தெரியும். சமையலுக்கு ஆள் வேண்டுமென்று அக்காவின் படிப்பைச் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். கன்னியாஸ்திரிகளிடம் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்த நான்தான் பேச்சை மொழிமாற்றிச் சொல்லக் கூடப் போனேன். ஆள் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும் புஷ்புஷ் வண்டியில் அக்கா கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்து வந்தாள். எனக்கு அவள் காலடியில் இடம். அப்பா குடையோடு பக்கத்தில் நடந்தார்.

டாக்டர் வயதானவர், சிவந்த மூக்கு. தையல் மிஷின் போலக் காலால் மிதிக்கும் ஒரு யந்திரம் வைத்திருந்தார். அது சுழன்று அக்காவின் பல்லுக்குப் பின்பக்கம் துளை போட்டதும் உள்ளேயிருந்து சீழ் வந்தது. அறையெல்லாம் நாற்றம். அக்காவின் தோள் தளர்ந்தது, பல நாள் கழித்து அன்றுதான் வலி இல்லாமல் மூச்சு விட்டாள்.

பிறகு டாக்டர் தன் பென்சிலை எடுத்து என்னிடம் காட்டினார். "பல் இந்த மரம். உள்ளே ஓடுகிற கரி இருக்கிறதே, அது நரம்பு. அடிபட்ட அன்றே நரம்பு செத்துவிட்டது. இப்போது வேருக்குள் அழுகிக் கிடக்கிறது. அந்த அழுகலை எடுத்துவிட்டு, மருந்து வைத்து, வேறொன்றால் அடைத்துவிட்டால் மரம் தன்பாட்டுக்கு நிற்கும்."

நான் அதை அப்பாவிடம் சொன்னேன்.

"புடுங்காமலேயா?" என்று அப்பா நம்பாமல் கேட்டார்.

"ஆமாம்பா. எம் பல்லுக்குள்ளயும்தான் நரம்பு இருந்துருக்கும். அத மட்டும் ஏன் புடுங்கினீங்க?"

"ஒன்னுது கடவாப் பல்லு. அத யாரு பாக்கப் போறா?"

அன்று வீட்டுக்கு வந்ததும் என் பென்சிலைப் பிளந்து பார்த்தேன். கரி துண்டு துண்டாக உடைந்தது. டாக்டர் பொய் சொல்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

அதன்பின் வீடே அக்காவின் பல்லைச் சுற்றி நடந்தது. அவளுக்குக் குழைந்த சோறு, எலும்பு சூப், அம்மாவின் தலையணை. அவள் இறைக்கும் தண்ணீரையும் சேர்த்து நான் இறைத்தேன். ஒவ்வொரு முறை போகும்போதும் டாக்டர் முள் போன்ற மெல்லிய கம்பியை வேருக்குள் விட்டுச் சுரண்டுவார். உள்ளே வைத்திருந்த பஞ்சை எடுத்துத் தன் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். நாற்றம் இருந்தால் மருந்து தோய்த்த புதுப் பஞ்சை வைத்து மூடி அனுப்பிவிடுவார். ஒரு வெள்ளைக்காரர் அக்காவின் பல்லழுக்கை இத்தனை மரியாதையாக முகர்கிறாரே என்று எனக்கு வயிறு எரிந்தது. நாற்றம் போகவே கூடாது என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன்.

மாதா கேட்கவில்லை. ஒருநாள் டாக்டர் பஞ்சை முகர்ந்துவிட்டு, "சுத்தம். இன்று அடைத்துவிடலாம்" என்றார். அப்பா சந்தோஷத்தில் சுருட்டுப் பிடிக்க வாசலுக்குப் போனார். டாக்டர் அடைக்கிற பிசினைச் சூடுபண்ணத் திரும்பினார். அக்கா சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏண்டி, இத புடுங்கிடச் சொல்லுடி."

"என்னாது?"

"புடுங்கிடச் சொல்லு. அப்பா வர்றதுக்குள்ள சொல்லுடி, ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவளுக்கும் ஓட்டை விழுந்தால் இருவரும் சமம், அதுவும் அவள் ஓட்டை ஊருக்கே தெரியும். படித்த பிரெஞ்சையெல்லாம் திரட்டிச் சொன்னேன். டாக்டர் வியந்துபோய், "வலிக்கிறதா?" என்று கேட்டார். அக்கா இல்லையென்று தலையாட்டினாள். "பின்னே ஏன்?" என்றார்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். அக்கா வாசலைப் பார்த்தாள். அங்கே அப்பாவின் முதுகு தெரிந்தது.

"சும்மாதான்னு சொல்லு," என்றாள்.

டாக்டர் சிரித்துவிட்டார். "பயப்படுகிறாள். அவள் கிழவியாகும்வரை இந்தப் பல் கூடவே இருக்கும் என்று சொல்." நான் அதைச் சொன்னதும் அக்கா கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். அவர் அடைத்து முடித்தார்.

அன்று சாயங்காலம் அம்மா அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள். பல் நன்றாக இருந்தும் அக்கா பிடுங்கச் சொன்னாள், என்ன திமிர் என்று போய்ச் சொன்னேன். அம்மாவின் கை நின்றது.

"இத அப்பாகிட்ட சொல்லாத. கேட்டியா?"

கையைக்கூடக் கழுவாமல் அக்கா இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே இருவரும் அழுவது கேட்டது. எனக்குப் பல் பிடுங்கியபோது அம்மா இப்படிக் கட்டிக்கொண்டு அழுதாளா என்று நினைத்துக்கொண்டே, பாதியில் நின்ற மிளகாயை நான் அரைத்தேன்.

கோவிலில் சாமியார் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார், யாரும் தடை சொல்லவில்லை. கல்யாணப் பூசைக்கு வந்த மாப்பிள்ளை கோவில் வாசலில் தொப்பியைக் கழற்றினார். தலையில் முடி இல்லை. அப்பாவைவிட இரண்டொரு வயதுதான் சின்னவராக இருப்பார் என்று பெண்கள் பக்கம் முணுமுணுத்தார்கள். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னதும் அக்கா சிரித்தாள். பல் எவ்வளவு அழகாக நிற்கிறது என்று எல்லோரும் டாக்டரைப் புகழ்ந்தார்கள்.

கப்பல் ஏறும் நாளன்று கடலுக்குள் நீளும் கடற்கரைப் பாலத்தில் பெருங்கூட்டம். கப்பல் தூரத்தில் நின்றது. படகில் போய்த்தான் ஏற வேண்டும். அக்காவுக்குக் கப்பல், எனக்குத் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் என்று நினைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அக்கா மேல் என்ன பாசம் பாருங்கள் என்று உறவுக்காரர்கள் என்னைத் தட்டிக்கொடுத்தார்கள்.

அக்கா அழவில்லை. குனிந்து தன் பட்டுப்புடவைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தாள்.

"எனக்குப் பதிலா நீ போறியாடி?" என்றாள் மெல்ல.

போகும்போதும் கேலியா என்று நான் அவள் கையைத் தட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.