வேடம் கழற்ற ஒரு கேட் பாஸ்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஏழு பேர். ஷூ கம்பெனியில் சோலுக்குப் பசை தடவும் பேஸ்டிங்காரர். தோல் பதனிடும் ஷாப்பில் தோல் ஊறும் டிரம்மை ஓட்டுகிறவர். குடியாத்தத்துப் பவர்லூம்காரர். ஆலங்காயத்து லோடு ஆட்டோக்காரர். இந்த நால்வரும் ஆம்பூருக்கு வெளியே இருக்கும் குடி மறுவாழ்வு இல்லத்தில் தங்கியிருந்தவர்கள். கதவோரம் ஸ்டூலில் இல்லத்து வார்டன். மூலையில், மடியில் நோட்டோடு, பெங்களூரிலிருந்து வந்த பரீட்சை மேடம். அப்புறம் நான். இவர்கள் போக நடுவில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் யாரும் இல்லை. ஆனால் அன்றைய வில்லங்கமெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

எனக்கு அன்று கடைசிப் பரீட்சை. நாடக சிகிச்சையாளர் ஆவதற்கான பரீட்சை. வாயைத் திறந்து சொல்ல முடியாததை வேடம் போட்டுச் சொல்ல வைப்பதுதான் இந்த வேலை. எங்கள் தெருவில் ஒருமுறை இதை விளக்கப் போனேன். எதிர்வீட்டு அக்கா, "நாடகத்துக்கு நடுவுல ஊசி போடுவீங்களா?" என்று கேட்டாள். அதோடு விளக்குவதை நிறுத்திவிட்டேன்.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஷூ கம்பெனித் தையல் லைனில் உட்கார்ந்தவள் நான். பிறகு சுகாதாரப் பிரச்சார நாடகங்களில் ஊர் ஊராகப் போய் டெங்கு கொசுவாக நடித்தேன். கொசு அனுபவத்தைக் காட்டித்தான் வேலூரில் நடந்த சனி ஞாயிறு பயிற்சியில் இடம் பிடித்தேன். மற்றவர்கள் எல்லாம் இரண்டு டிகிரி வைத்திருந்தார்கள். நான் இரண்டு பேனா வைத்திருந்தேன், ஒன்று எழுதாமல் போனால் என்ன செய்வது என்று. பாஸானால் இந்த இல்லத்திலேயே வேலை. இல்லையென்றால் மறுபடி தையல் லைன்.

முந்தைய வாரம் முழுக்க நான் கவலைப்பட்டது இதற்கெல்லாம்: கரண்ட் போகும், யாராவது அழுவார்கள், யாருமே அழமாட்டார்கள், மேடத்துக்கு எங்கள் ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, நாற்காலியின் கால் உடையும். கேட் பாஸைப் பற்றி மட்டும் கவலைப்படவில்லை.

பதினொரு மணிக்கு ஆரம்பித்து பன்னிரண்டுக்கு முடிக்க வேண்டும். முடிப்பதற்கு முன் வேடம் கழற்ற வேண்டும். அதுதான் எங்கள் தொழிலில் முதல் சட்டம். மாமனாராக நடித்தவர் எழுந்து நின்று, தோளைத் தட்டிவிட்டு, "நான் மாமனார் இல்லை, நான் இன்னார்" என்று சொல்லிவிட்டுத்தான் அறையை விட்டுப் போகலாம். கழற்றாமல் அனுப்பினால் பெயில். அதற்கு மேல் பேச்சே கிடையாது.

"இந்த நாற்காலில யார உக்கார வெக்கலாம்?" என்று கேட்டேன். அப்பா, மாமனார், பழைய தோஸ்த் என்று பதில் வரும் என்று பாடத்தில் சொல்லியிருந்தார்கள். நான்கு பேரும் யோசிக்கவே இல்லை.

"சூப்பர்வைசர்."

"யாரு உக்கார்றீங்க?"

பேஸ்டிங்காரரை மூவரும் பிடித்துத் தள்ளினார்கள். பசை வாடையில் இருபது வருஷம் நின்றவர். பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. நாற்காலியில் உட்கார்ந்தார், கால் மேல் கால் போட்டார்.

"இன்னா, அங்க கும்பல்? டார்கெட் யாரு முடிப்பாங்க, உங்க மாமனாரா?"

வார்டன் ஸ்டூலிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். அவ்வளவு குரல்!

அதற்குப் பிறகு லைன் ஓட ஆரம்பித்தது. டிரம்காரர் லீவு கேட்டார். பவர்லூம்காரர் ஷூ கம்பெனிக்குள் கால் வைக்காதவர், அவரும் அட்வான்ஸ் கேட்டார். லோடு ஆட்டோக்காரர், "சார், தண்ணி குடிக்கப் போறேன் சார்" என்றார்.

"இன்னா தண்ணி?"

"பைப்புத் தண்ணி சார், சத்தியமா."

நால்வரும் சிரித்தார்கள். மேடம் எழுதிக்கொண்டே இருந்தார். பாஸ் என்று நான் மனசுக்குள் எழுதிக்கொண்டேன்.

பன்னிரண்டுக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது, "சரிங்க, வேடம் கழட்டலாம்" என்றேன்.

பேஸ்டிங்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஷிப்டு முடியலியேமா."

"அண்ணே, நாடகம் முடிஞ்சிடுச்சு."

"நீ சொன்னா ஆச்சா? கேட் பாஸ் இல்லாம எவனும் வெளில போவ முடியாது."

மற்ற மூவரும் அசையவில்லை. டிரம்காரர் மெதுவாகச் சொன்னார்: "ஆமாம்மா, சீட்டு இல்லாம போனா அர நாள் சம்பளம் புடிச்சிடுவாங்க. பேஜாராய்டும்."

சொன்னவருக்கே அது விளையாட்டா நிஜமா என்று தெரியவில்லை. எனக்கும்தான். மேடம் கடிகாரத்தைப் பார்த்தார்.

சரி, உள்ளே போய்த்தான் வெளியே கூட்டி வரவேண்டும் என்று முடிவு செய்தேன். அதற்கும் பாடத்தில் இடமிருக்கிறது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நாற்காலி முன் போய் நின்றேன். "சார், கேட் பாஸ் குடுங்க சார். வீட்ல புள்ளைக்கு ஜுரம்."

"போன வாரமும் அதே ஜுரம்தானே?"

என் பழைய சூப்பர்வைசர் என்னிடம் சொன்ன அதே வார்த்தை. எல்லா சூப்பர்வைசர்களும் சொல்வதுதான் போலிருக்கிறது. ஆனால் அந்த நேரம் எனக்குப் பரீட்சை மறந்தது, மேடம் மறந்தது, கொசு மறந்தது.

"ஜுரம் இருக்கட்டும் சார். நான் வேலைய விட்டு நின்னப்ப ரெண்டு மாச ஓவர்டைம் காசு நிறுத்தி வெச்சீங்களே, அத மொதல்ல குடுங்க. ராத்திரி ஏழு வரைக்கும் தெச்சேன் சார்! பாத்ரூம் போகக்கூட உங்க மூஞ்சியப் பாத்துக் கேட்டேன்!"

நோயாளிகள் முன்னால் சிகிச்சை தருகிறவள் தன் கதையைத் திறக்கக்கூடாது. அது இரண்டாவது சட்டம்.

பேஸ்டிங்காரர் போட்டிருந்த காலை இறக்கினார். "எவ்ளோமா?"

"ஆயிரத்து எண்ணூத்தி அறுவது."

அவர் சட்டைப் பையில் இல்லாத பேனாவை எடுத்தார். உள்ளங்கையில் ஏதோ எழுதினார், கையெழுத்துப் போட்டார், கிழித்தார், இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். பிறகு மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு சீட்டு. கடைசியாக அவரே எழுந்து தோளைத் தட்டிவிட்டார். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

"சூப்பர்வைசர் பூட்டாரு. நான் பேஸ்டிங்" என்றார். பழையபடி யாருக்கும் கேட்காத குரல். பன்னிரண்டுக்கு ஒரு நிமிஷம் இருந்தது.

எல்லோரும் சாப்பிடப் போனபின் மேடம் நோட்டை மூடினார். "அவங்க நாலு பேரும் நல்லா வெளியே வந்துட்டாங்க. நீங்க?"

என் கை அப்போதும் மூடியே இருந்தது. உள்ளே சீட்டு.

பெயில் இல்லை, பாஸும் இல்லை. நானே ஒரு சிகிச்சையாளரிடம் ஆறு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தால்தான் சர்டிபிகேட் என்று மேடம் எழுதினார். மணிக்கு எழுநூறு ரூபாய். ஆயிரத்து எண்ணூற்று அறுபதைப் பற்றிப் பேச நாலாயிரத்து இருநூறு. என் கணக்கு வாத்தியார் கேட்டிருந்தால் ஒன்பதாவதுக்கு முன்பே என்னை அனுப்பியிருப்பார்.

ஆறாவது மணி முடியும்போது அந்தச் சிகிச்சையாளர் அம்மா ஒன்றுதான் கேட்டார்: "கம்பெனில போய்க் கேட்டீங்களா?"

கேட்டதில்லை. அத்தனை வருஷமும் அதைப் பற்றிக் கவலைப்பட்டேனே தவிர, ஒருநாளும் கேட்டதில்லை.

சர்டிபிகேட் வந்தது, இல்லத்தில் வேலையும் கிடைத்தது. முதல் லீவு நாளில் கம்பெனிக்குப் போனேன். வாட்ச்மேன் மறித்தார். உள்ளே போகவும் கேட் பாஸ் வேண்டுமாம். வெளியே நின்றபடியே வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பேனாவாலும் கையெழுத்துப் போட்டேன்.

"பாத்துச் சொல்றோம்மா" என்றார்.

இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பாக்கி, ஆயிரத்து எண்ணூற்று அறுபது ரூபாய்.