மாமி வீட்டு கரண்ட்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கூத்து நடந்தது. திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் நான் இருப்பது எட்டாவது மாடி ஃபிளாட். சட்டையை மேஜையில் விரித்துவிட்டு அயர்ன் பாக்ஸை எடுத்தேன். அதன் அடியில் ஒட்டிக் கருகியிருந்த பழைய கஞ்சியின் வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "மாமி, அயர்ன் பாக்ஸ் போடட்டா?" என்று கத்திவிட்டேன். கீழே கார் கழுவிக்கொண்டிருந்த சேட்டன் நிமிர்ந்து பார்த்தார். போன் பேசுகிற மாதிரி காதில் கையை வைத்து சீன் போட்டுக்கொண்டே உள்ளே வந்துவிட்டேன். பெயருக்கு சாஃப்ட்வேர் இன்ஜினியர்.

இந்த வியாதி எனக்கு அதே ஊரின் பழைய பக்கம், ஸ்ரீவராகத்தில் பிடித்தது. காலேஜ் முடித்துவிட்டு, தம்பானூரில் ஒரு டியூஷன் சென்டரில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தபடி நல்ல வேலை தேடிய காலம் அது. எங்கள் ஊர் வித்துராவிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனால் பாதி உயிர் போய்விடும். அதனால் அக்ரஹாரத் தெருவில் லலிதா மாமி வீட்டு மாடி அறைக்குக் குடிவந்தேன்.

"கரண்ட், வெள்ளம், நெட் எல்லாம் வாடகையிலேயே சேர்த்திதான், கேட்டியா," என்றாள் மாமி.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆளில்லாத அறையில் ஃபேன் சுற்றினால் அதை ஒரு கிரிமினல் கேஸாக நடத்துகிறவர் எங்கள் அப்பா. அப்படி வளர்ந்த ஒருத்தனிடம் கரண்ட் சேர்த்தி என்றால் என்ன ஆகும், நீயே யோசி. அன்றைக்குச் சாயங்காலமே சாலை பஜாரில் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கிவிட்டேன். நூடுல்ஸுக்குத் தண்ணீர் வைத்தேன். அது சூடாகக்கூட இல்லை. டப் என்று ஒரு சத்தம். ஃபேன் நின்றது. கீழே கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்றும் நின்றது.

"டேய், மேலே என்னடா போட்டே?"

"அடுப்பு, மாமி."

"அடுப்பை மூட்டுவா. போடுவாளோ?"

நின்றுபோனது மாமியின் கிரைண்டர். தோசை மாவு அரைத்து, கவரில் கட்டி, தெருவுக்கெல்லாம் விற்றுக்கொண்டிருந்தாள். வீட்டு வயரிங்குக்கு மாமாவின் வயது இருக்கும். மொத்த வீட்டுக்கும் ஒரே மீட்டர், ஒரே ஃபியூஸ். கிரைண்டர் ஓடும்போது சூடு பண்ணுகிற சாமான் எதைப் போட்டாலும் கதை முடிந்தது. மாமாவுக்கு கரண்ட் என்றால் பயம். டார்ச் பிடிப்பார், அதுவும் வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு. மாமிதான் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, ஸ்டூலில் ஏறி, ஃபியூஸ் கம்பியைச் சுற்றினாள். இறங்கி வந்து சட்டம் போட்டாள்: "எது வேணும்னாலும் போட்டுக்கோ. போடறதுக்கு முன்னாடி ஒரு குரல் கொடு. அது போரும்."

அப்படித்தான் என் வாழ்க்கை ஜன்னல் வழியாகப் போக ஆரம்பித்தது. "மாமி, ஹீட்டர்?" என்பேன். "செத்த இரு, உளுந்து இப்பதான் பொங்கி வரது" என்று கீழேயிருந்து வரும். சில சமயம் அவள் கேட்பாள், "டேய், கிரைண்டர் போடப்போறேன். உன் சட்டை ஆச்சோ?" அக்ரஹாரத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். நான் எப்போது குளிக்கிறேன், எப்போது முட்டை வேகவைக்க முடியாமல் கடை டீயோடு நிறுத்திக்கொள்கிறேன் எல்லாம் தெருவுக்கே அத்துப்படி. எதிர்வீட்டு ராஜி அக்கா கோலம் போட்டபடியே விடுவாள், "என்னடா, இன்னிக்கு ரெண்டு தடவை அயர்ன் பாக்ஸ் கேட்டே? யாரடா அந்தப் பொண்ணு?" நான் கெத்தாக ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். புழுக்கத்தில் உடனே திறந்தும் விடுவேன்.

இந்தச் சமயத்தில்தான் இப்போது நான் பார்க்கிற வேலைக்கான கடைசி இன்டர்வியூ வந்தது. லேப்டாப்பில்தான். நெட் மோடம் மாமி வீட்டு ஹாலில் இருந்தது. கிரைண்டர் கிளம்பும்போதெல்லாம் அது ஒருமுறை செத்துப் பிழைக்கும். மாமியிடம் சொன்னேன். "அரை மணிதானே? நீ பேசு," என்றாள்.

அன்றைக்குத்தான் கிழக்கே கோட்டை ஹோட்டல் ஒன்றிலிருந்து அவளுக்கு முதல் பெரிய ஆர்டர் வந்திருந்தது என்பதை அவள் சொல்லவில்லை. ராத்திரி டிபனுக்கு மாவு பொங்கித் தயாராக இருக்க வேண்டும். இது பிடித்தால் தெருவில் கவர் விற்கிற பாடு இல்லை. அரை மணி இன்டர்வியூ இழுத்துக்கொண்டே போனது. ஒருத்தர் முடித்தால் இன்னொருத்தர். எனக்கு வாய் ஓடிக்கொண்டிருந்தது, கீழே வீடு மூச்சு விடவில்லை. பேசி முடித்து இறங்கினால், அரிசி ஊறிய பாத்திரத்தின் பக்கத்தில் மாமி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"முடிஞ்சுதா? இனி போடட்டா?" என்றாள்.

மழை நாள் வேறு. மாவு பொங்கவில்லை. ஹோட்டல்காரர் மறுநாள் வாசலில் வந்து நின்றார்.

"மாமி, தோச கல்லில ஒட்டிப் பிடிச்சு. சாப்பிட வந்த ஆளுக்கார்ட்ட நான் என்ன சொல்ல? இனி ஒரு தடவ இப்பிடி ஆனா, வேற எடம் பாத்துக்கிடுவேன், கேட்டோ."

அவர் போனதும் மாமி மாமாவைப் பார்த்துச் சொன்னாள், "மாடிக்குத் தனி மீட்டர் வெச்சுடலாம். இவனா நானான்னு இன்னொரு தரம் வரப்படாது." என் பக்கம் திரும்பி, "வாடகையைக் குறைச்சுக்கறேன். கரண்டை நீயே கட்டிக்கோ," என்றாள். கோபமே இல்லை. அதுதான் என்னவோ போலிருந்தது.

எலக்ட்ரீஷியன் வந்தார், புது வயர் இழுத்தார். எனக்கு வேலை கிடைத்தது. மாமிக்கு ஹோட்டல் நிலைத்தது. யாருக்கும் ஒரு குறையும் இல்லை. நான் இஷ்டத்துக்கு ஹீட்டர் போட்டேன், அவள் இஷ்டத்துக்கு அரைத்தாள். ஒருநாள் ராஜி அக்கா மாமியைப் பிடித்துக் கேட்டது எனக்கு மாடியில் கேட்டது: "என்ன மாமி, மாடிக்காரனோட பிணக்கமா? சத்தமே இல்லையே."

மாமி சிரித்தாள்.

வேலையில் சேருவதற்கு முன்னால், மழையில் நனைந்து காய்ச்சல் வந்து மூன்று நாள் அறையிலேயே சுருண்டு கிடந்தேன். குளிக்கவில்லை, சமைக்கவில்லை. ஒரு ஸ்விட்சைத் தொடவில்லை. கீழே கிரைண்டர் அது பாட்டுக்கு ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. காய்ச்சல் விட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்கியபோது மாமி முற்றத்தில் உளுந்து களைந்துகொண்டிருந்தாள்.

"என்னடா, ஊருக்குப் போயிருந்தியோ?"

"ஆமா மாமி, இப்பதான் வந்தேன்," என்றேன்.