ஒரு விரலுக்குத் திறக்கும் வால்வு

புதுவாயல் கூட்டுரோட்டுக்குப் பின்னால் குடியிருந்த பென்னிக்கு உலகத்திலேயே பிடித்த இடம் அவனுடைய பழைய டீசல் காரின் அடிப்பக்கம். ஆயில் மாற்றும் நாளில் முன்சக்கரங்களைச் சரிவுப் பலகைகள் மேல் ஏற்றி நிறுத்தி, ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு, மல்லாந்தபடி உள்ளே நழுவிப் போவான். எஞ்சினின் வெதுவெதுப்பு முகத்தில் இறங்கும். நெடுஞ்சாலையில் லாரிகள் போவது முதுகுக்குக் கீழே மண்ணில் மெல்ல அதிரும். ஆயில் தொட்டியின் அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றியதும் கறுப்பு ஆயில் வழுவழுவென்று தட்டில் விழும். அதைப் பார்த்தபடியே அவன் எங்கெங்கோ போய்விடுவான். பழவேற்காட்டு ஏரித் தண்ணீர்மேல் கார் சத்தமில்லாமல் போகும். பின்சீட்டில் நாரைகள் உட்கார்ந்திருக்கும்.

பதினாறு வருஷம் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஒரு ரோலிங் மில்லில் வேலை பார்த்தவன். போன வருஷம் கம்பிக்கட்டு ஒன்று சரிந்து அவன் வலது மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது, பிடி மட்டும் திரும்பி வரவில்லை. மில்லை விட்டுவிட்டு, மீஞ்சூர் ஸ்டேஷனிலிருந்து கம்பெனி ஆட்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் விடும் வேலையைப் பிடித்துக்கொண்டான். ஸ்டியரிங் லேசாகத் திரும்பும், அதனால் ஓட்டுவதில் தொல்லையில்லை.

தொல்லை ஆயில் மாற்றும் அன்றைக்குத்தான் வந்தது. ஸ்பேனரைப் போட்டு இழுத்தான். போல்ட் அசையவில்லை. இடது கையால் இழுத்தபோது ஸ்பேனர் வழுக்கி, போல்ட் தலையின் முனைகள் மழுங்கின. அப்படியே கிடந்தான். அன்றைக்குக் கனவு ஒன்றும் வரவில்லை.

ஷிப்ட் முடிந்து வந்த அவன் மனைவி ஜெபா, காருக்கு வெளியே நீண்டிருந்த இரண்டு கால்களைப் பார்த்தாள்.

"இன்னாய்யா, தூங்கினு கீறியா?"

"இல்ல."

"வண்டிய மெக்கானிக் ஷெட்டுல உட்டா அர மணி நேரத்துல முட்சிடுவான்."

"ஷெட்டுல உட்றதுக்கா நான் வண்டி வாங்கனேன்?" என்றான் பென்னி. ஜெபா குனிந்து, மழுங்கிப்போன போல்ட்டைப் பார்த்தாள்.

அவள் வேலை பார்ப்பது சிப்காட்டில், கேஸ் வால்வு செய்யும் கம்பெனியில். ஒவ்வொரு வால்வையும் தண்ணீரில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. பத்து நாள் கழித்து, தான் வரவழைத்த ஒரு சின்னப் பார்சலைப் பிரித்து அவன் முன்னால் வைத்தாள். கட்டைவிரல் பருமனில் ஒரு பித்தளை வால்வு. ஒரு பக்கம் மரை, இன்னொரு பக்கம் குட்டிக் கைப்பிடி.

"போல்ட்டுக்குப் பதிலா இத்த மாட்டிட்டா, அப்பறம் ஸ்பேனரே வேணாம். ஒரு வெரலு போதும்."

பென்னி அதை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. "ரோட்டுல கல்லு பட்டு தொறந்துகிச்சின்னா? எஞ்சினே பூடும்."

"கைப்பிடிய அமுக்கித் தூக்குனாத்தான் திரும்பும். மேல கிளிப்பு வேற கீது. எவ்ளோ கீழ எறங்கும்னும் அளந்துட்டேன், எஞ்சினுக்கு அடியில கீற தகட்டுக்கு மேலதான் நிக்கும்."

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தினார்கள். ஜெபா நைட்டிமேல் அவனுடைய பழைய மில் சட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். பென்னி வெளியே குத்துக்காலிட்டு, கேட்டதை எடுத்துக் கொடுத்தான். மழுங்கிய போல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் சாக்கெட்டைப் போட்டு, கைப்பிடியில் நீளக் குழாயைச் செருகி அவள் ஒரே இழுப்பு இழுத்தாள். டக்கென்று விட்டது.

போல்ட்டைக் கழற்றி எடுத்த பிறகும் அவள் வெளியே வரவில்லை.

"இன்னா ஆச்சி?"

"ஒண்ணுமில்ல. நீயும் வாயேன்."

அவன் பக்கவாட்டில் நழுவிப் போய் அவள் தோளோடு தோளாகப் படுத்தான். ஆயில் விழுந்துகொண்டிருந்தது. மதிய வெயில் தரையில் பட்டு, ஆயிலின் கறுப்பில் மெல்லிய பொன்நிறம் ஓடியது. பதினெட்டு வருஷக் குடும்பத்தில் இந்த இடத்துக்கு அவளை அவன் கூப்பிட்டதே இல்லை.

"இத்தப் பாத்துகினேதான் மணிக்கணக்கா கெடப்பியா?" என்றாள் அவள். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாள். பென்னி ஏரியைப் பற்றிச் சொன்னான். நாரைகளைப் பற்றியும் சொன்னான். அவள் சிரிக்காமல், "நான் எங்க உக்காந்துனு வருவேன்?" என்றாள்.

"முன்னாடி சீட்டுல" என்றான்.

ஆயில் நின்றதும் துளையைத் துடைத்து வால்வைக் கையாலேயே திருகினாள். முழுக்க இறுகியபோது கைப்பிடி ஓர் இரும்புச் சட்டத்தின் பக்கம் போய் நின்றது, தூக்க வழியில்லை. பென்னி இன்னும் கொஞ்சம் முறுக்கச் சொன்னான். "தொட்டி அலுமினியம்யா, மரை பூடும்" என்று கழற்றி, கூடவே ஒரு மெல்லிய வாஷர் சேர்த்துப் போட்டாள். இப்போது கைப்பிடி வெளிப்பக்கம் பார்த்தது. புது ஆயில் ஊற்றி, கீழே செய்தித்தாள் விரித்து, எஞ்சினை ஓடவிட்டார்கள். கால் மணி நேரம் இருவரும் குனிந்து பார்த்தார்கள். தாளில் ஒரு சொட்டு இல்லை.

பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியபின் பென்னி தனியாக உள்ளே போனான். கிளிப்பை எடுத்து, வலது கை ஆள்காட்டி விரலால் கைப்பிடியைத் தூக்கித் திருப்பினான். திரும்பிவிட்டது. வால்வின் துளை சின்னது. போல்ட்டைக் கழற்றினால் பத்து நிமிஷத்தில் வடிவது, இதில் அரை மணி ஆகும் போலிருந்தது.

டீயோடு வந்த ஜெபா குனிந்து பார்த்தாள். ஆயில் எப்போதோ நின்றிருந்தது. பென்னி வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். அவள் டம்ளரை பானட் மேல் வைத்துவிட்டு, சத்தம் போடாமல் காருக்கு அடியில் நழுவிப் போனாள்.