இரண்டாவது ஹார்ட்டிஸ்க்கும் என் மச்சானும்

எனக்குப் பயம் வந்தால் முதலில் வாய் நீளும். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகளின் கணினி முன்னால் உட்கார்ந்துகொண்டு கணினியை, டிஸ்க் விற்ற கடைக்காரனை, வெளியே பெய்த மழையை என்று எல்லாவற்றையும் திட்டிக்கொண்டிருந்தேன். திட்டாமல் விட்டது என்னை மட்டும்தான்.

மகள் பாலிடெக்னிக்கில் கடைசி ஆண்டு. படிப்புக்கு லினக்ஸ் என்ற இயங்குதளமும் வேண்டும் என்றாள். பழைய டிஸ்க்கில் விண்டோஸும் அவளுடைய ஒரு வருட ப்ராஜெக்ட்டும் இருந்தன. மறுநாள் காலை அந்த ப்ராஜெக்ட்டை ஒப்படைக்க வேண்டும்.

"இன்னிக்கு வேணாம்பா. நாளைக்கு அனுப்பிட்டுச் செய்யலாம்" என்றாள்.

"தனி டிஸ்க்லதானே போடுறேன். உன்னோடதத் தொடவே மாட்டேன்லா" என்றேன். லகாட் ஊரில் தொழிற்சாலை மெஷின்களைப் பழுதுபார்க்கிறவனுக்கு இது என்ன பிரமாதம் என்ற நினைப்பு.

புது டிஸ்க்கைப் பொருத்தினேன். வீடியோவில் சொன்னபடி பென்டிரைவிலிருந்து தொடங்குவதற்காகக் கணினியின் பாதுகாப்பு அமைப்புகளில் சிலவற்றை மாற்றினேன். லினக்ஸ் அழகாக ஏறியது. மகளைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினேன். பிறகு விண்டோஸைத் திறக்கப் பழைய டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தேன். நீலத் திரை வந்தது. பாதுகாப்பு அமைப்புகள் மாறியிருப்பதால் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது, நாற்பத்தெட்டு எண்கள் கொண்ட மீட்புச் சாவியைக் கொடு என்றது.

எதையெல்லாம் மாற்றினேன் என்று எனக்கே நினைவில்லை. முன்னும் பின்னுமாக மாற்றிப் பார்த்தும் அதே நீலம். மகள் அழுதிருந்தால் அவளையும் திட்டியிருப்பேன். அவளோ திரையில் இருந்ததை வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"சாவி யாருகிட்ட இருக்கும்?" என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர முதல்ல செட் பண்ணவங்க அக்கவுன்ட்ல. மாமா அக்கவுன்ட்லபா."

எங்கள் குடும்பத்தில் யார் கணினி வாங்கினாலும், ஹுத்தான் மெலிந்தாங் ஊரில் இருக்கும் என் மனைவியின் அண்ணன்தான் வந்து, தன் ஈமெயிலைப் போட்டுத் தயார் செய்து கொடுப்பார். குனோங் ராபாட்டில் நாங்கள் வீடு வாங்கிப் புதுமனை புகுந்தபோது, அவருக்கு அழைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். பிள்ளைக்குத் தாய்மாமன். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் போய் அழைத்திருக்க வேண்டும். அவர் வரவில்லை. அதோடு பேச்சும் நின்றுபோனது.

மனைவியிடம் போனை நீட்டினேன்.

"வாட்ஸ்அப்ல அனுப்புனது நீங்கதான? நீங்களே கூப்பிடுங்க" என்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

நானே அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்காவிட்டால் பிள்ளையின் ஒரு வருட உழைப்பு போச்சு. எடுத்தாலோ, எந்த முகத்தோடு பேசுவது? எடுத்தார். விஷயத்தை ஒரே மூச்சில் கொட்டினேன். அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"எழுதிக்குங்க மாப்ள" என்றார்.

ஆறு ஆறு எண்களாக வாசித்தார். நான் திருப்பிச் சொல்லச் சொல்ல மகள் தட்டினாள். எண்களைத் தவிர எங்களுக்குள் வேறு வார்த்தை இல்லை. கடைசி எண் போனதும் திரை இருண்டது. தெரியாத சாமியையெல்லாம் கூப்பிட்டேன். பிறகு விண்டோஸ் வந்தது. மகள் ப்ராஜெக்ட்டைத் திறந்து பார்த்தாள். எல்லாம் இருந்தது. அப்போதுதான் அழுதாள்.

"வந்திருச்சு மச்சான்" என்றேன்.

"நல்லது. பிள்ள வேலை முடியட்டும். அப்புறம் என் அக்கவுன்ட்ட அதுலேர்ந்து எடுத்துடுறேன். சாவிய உங்க பேர்லயே வெச்சுக்கலாம். இனிமே எனக்குப் போன் பண்ண வேண்டிய கஷ்டம் உங்களுக்கு இருக்காது."

உதவியாகத்தான் சொன்னார். குரலில் துளிக் கோபம் இல்லை. அதைக் கேட்டபோது, அந்த நீலத் திரையைப் பார்த்ததைவிட அதிகமாகப் பயந்துபோனேன்.

"வேணாம் மச்சான்," என்றேன். "உங்ககிட்டயே இருக்கட்டும்."