அவள் எடுத்த தொலைபேசி

எண்பதுகளின் கடைசியில், நாங்கள் புலம்பெயர்ந்து வாழ்ந்த ஹில்ஸ்பரோவில், எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்து வீடுகள் இரண்டே இரண்டு. ஒன்று என்னுடையது, மற்றது எதிர்வீட்டுக்காரியுடையது. என் தம்பியும் அவளுடைய கணவரும் அகதிகளாக நோர்வேக்குப் போய், அந்த நாட்டின் வடகோடியில் ஒரே மீன்பிடி இழுவைப் படகில் வேலை செய்தார்கள். விசா கிடைத்ததும் கணவர் இங்கே வந்துவிடுவார் என்று அவள் காத்திருந்தாள். என்னைவிட மிகவும் இளையவள்.

ஒரு காலை, அந்தப் படகு குளிர்கடலில் மூழ்கிவிட்டதென்று சேதி வந்தது. இரண்டு தமிழரில் ஒருவர் பிழைத்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார், யாரென்று இன்னும் தெரியவில்லை என்றார்கள். தொலைபேசி என் வீட்டில்தான் இருந்தது. அவள் வந்து அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மரண வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லையே என்று பக்கத்து வீட்டு ஃபிஜிக்கார அம்மா சோறும் பருப்பும் கொண்டுவந்தார். எங்களில் யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் மேசை நடுவில் வைத்துவிட்டுப் போனார். என் தம்பி பிழைத்தால் அவள் கணவர் இல்லை. அது தெரிந்துகொண்டே, அவளுக்கு எதிரில் இருந்துகொண்டே, தம்பிக்காக வேண்டினேன். வெட்கங்கெட்ட வேண்டுதல்தான், வேறென்ன சொல்ல?

நான் முகம் கழுவப் போன நேரத்தில் மணி அடித்தது. அவள் எடுத்தாள். “ஓம்... ஓம்... சரி, சொல்லுறன்” என்று வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“அக்கா, உங்கட தம்பி தப்பிட்டார்.”

“முருகா, என்னைக் காப்பாத்திப்போட்டாய்” என்று அவளையே கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிறகு அந்தக் கையால் அவள் தன் தாலியைப் பற்றிக்கொண்டபோதுதான் எனக்கு விளங்கியது. அதுவரைக்கும் நான் பட்ட சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் தம்பியின் நண்பர் ஒஸ்லோவிலிருந்து திரும்பவும் அழைத்தார். முந்தின நாள் பேசியது என்னோடுதான் என்று நினைத்திருந்தார். தான் யாரென்று அவள் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

“மற்ற ஆளின்ர மனிசிக்குப் பக்குவமாச் சொல்லுங்கோ எண்டு நேற்று சொன்னனான் எல்லே, சொல்லிட்டீங்களோ அக்கா?”

“அவவுக்குத் தெரியும்.”

“தனிய எப்பிடித் தாங்கப்போறாவோ எண்டு பயந்துகொண்டிருந்தனான். ஆறுதலுக்கு நீங்கள் பக்கத்தில இருந்தது நல்லதாப் போச்சு.”

“ஓம்” என்றேன்.